லாட் முடியட்டும்

மாஸ்டர் பாதி முகத்தோடு வந்து நின்றார்.

வலது கன்னம் பளபளவென்று இருந்தது. இடது கன்னத்தில் நுரைகூடப் படவில்லை. சவரம் முடிந்த திருப்தியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்படி இருக்கேன்? மாப்பிள்ளை மாதிரி இல்ல?" என்றார்.

"பாதி மாப்பிள்ளை," என்றாள் மனைவி. "உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் ரேஸரை வாங்கி மீதிப் பாதியை வழித்தாள். ஐந்து மாதமாகத் தினமும் நடக்கிற வேலை என்பதால் அவள் கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் எரிந்தன. தூங்கி எழுந்த பிறகும் தூக்கம் பாக்கி இருக்கிற மனுஷியாகி எத்தனையோ நாளாயிற்று.

ஐந்து மாதத்துக்கு முன் ஆடைத் தொழிற்சாலையில், துணி வெட்டிக்கொண்டிருந்த மேசை ஓரத்திலேயே அவருக்குப் பக்கவாதம் வந்தது. கோணிய வாய் நேராகிவிட்டது. பேச்சு வந்துவிட்டது. இடது காலை லேசாக இழுத்து நடக்கிறார், அவ்வளவுதான். கையில் பலம் கூடத் திரும்பிவிட்டது. திரும்பாதது ஒன்றே ஒன்று. தனக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.

கண்ணில் கோளாறு இல்லை. மூளைதான் அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்க மறுக்கிறது என்றார் டாக்டர். தட்டில் இடது பாதிச் சாப்பாடு அப்படியே இருக்கும். "இன்னும் கொஞ்சம் போடேன்," என்பார். இவள் தட்டை மெதுவாகத் திருப்பி வைப்பாள். "அட, சத்தமில்லாம போட்டுட்டியே!" என்று சிரிப்பார். முதல் தடவை அவளும் சிரித்தாள். அப்புறம் குளியலறைக்குப் போய் அழுதாள்.

வீட்டில் இப்போது எல்லாரும் அவருக்கு வலது பக்கம்தான் உட்காருகிறார்கள். சாப்பாட்டு மேசையின் இடது ஓரத்தில் மகள் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறாள். "தலையைத் திருப்பித் தேடுங்கப்பா. சிவப்பு கண்ணுல படற வரைக்கும் தேடுங்க," என்று தினமும் பயிற்சி கொடுக்கிறாள். அவள் சொன்னால் தேடுவார். சொல்லாவிட்டால் இல்லை.

அந்த மகள் இப்போது சமையலறை வாசலில், மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகிற உடுப்போடு, கையில் ஒரு தாளோடு நின்றாள். நேற்று அலமாரியில் துணி அடுக்குக்கு அடியில் அவள் கண்டெடுத்த தாள்.

"அம்மா, கம்பெனிக்கு டாக்டர் கொடுத்த லெட்டர் எத்தனை பக்கம்?"

"இப்ப எதுக்கு அது? எனக்கு நேரமாச்சு."

"எத்தனை பக்கம்மா?"

அம்மா சாப்பாட்டு டப்பாவை மூடினாள். மூடி சரியாக விழவில்லை. மறுபடி திறந்து மூடினாள்.

முதல் பக்கத்தில் 'வேலைக்குத் திரும்பலாம்' என்று இருந்தது. இரண்டாம் பக்கம் 'ஆனால்' என்று ஆரம்பித்தது. ஓடும் இயந்திரங்களின் அருகே இப்போதைக்கு வேண்டாம், இடது பக்கக் கவனம் திரும்பியதா என்று மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. அம்மா கம்பெனியில் முதல் பக்கத்தை மட்டும் கொடுத்திருந்தாள்.

"அப்பா கையில கொடுக்கப் போறது கத்தரிக்கோல் இல்லம்மா. மெஷின்."

"முப்பது வருஷமா அந்த மெஷினோட இருக்கார். கண்ணை மூடிக்கிட்டு வெட்டுவார்."

"கண்ணை மூடிக்கிட்டு வெட்டினாக்கூட பரவாயில்லைன்னுதான் சொல்றேன். பாதி கண்ணை மூடிக்கிட்டு வெட்டப் போறார்."

"மெதுவாப் பேசு. காதுல விழும்." அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "ரெண்டு மாசமா அந்த மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்ததை நீ பார்க்கல? வேலைக்கு வரச் சொல்றாங்கன்னு சொன்ன அன்னைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தார். அதை எப்படிடி நான் பிடுங்கறது?"

மகள் தாளை நாலாக மடித்து, அம்மாவின் வேலை மேலங்கிப் பையில் திணித்தாள்.

"இன்னைக்கு நீயே கொடுத்துடு. இல்லேன்னா சாயங்காலம் நான் வந்து கொடுப்பேன்."

வெளியே மாஸ்டர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். வலது கால் செருப்பு காலில் இருந்தது. இடது செருப்பு பக்கத்திலேயே இருந்தது.

*

தொழிற்சாலையில் மாஸ்டரின் மனைவியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பூதக்கண்ணாடி என்றால்தான் தெரியும். வெட்டிய துணிப் பாகங்கள் தையலுக்குப் போகும் முன் முதல் மாடியில் இவள் மேசைக்கு வரும். இவள் கண்ணில் படாத குறை கிடையாது. ஒரு தடவை மாஸ்டர் ஒரே தொகுதியாக வெட்டிய முழு லாட்டுக்கே சிவப்புச் சீட்டுக் கட்டித் திருப்பி அனுப்பினாள். மூன்று நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. 'புருஷன் வெட்டினாலும் பூதக்கண்ணாடி விடாது' என்று அன்றைக்கு எழுந்த பேச்சு இன்னும் அந்தக் கட்டடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெயரை நம்பித்தான் மாஸ்டர் மறுபடி வெட்டிப் பார்க்க மேனேஜர் இன்றைக்கு ஒத்துக்கொண்டிருந்தார். எதையும் நிமிஷக் கணக்கில் பேசுவதால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர்.

"பதினோரு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்களே, மாஸ்டர்!" என்று கை கொடுத்தார். "நல்லா இருக்கீங்களா? சரி, விஷயத்துக்கு வர்றேன். நர்ஸ் யூனிஃபார்ம், ஒரே ஒரு லாட். ஆறு கூடை. குறையில்லாம மேல போயிடுச்சுன்னா மேசை பழையபடி உங்களுக்கு. இல்லேன்னா கேட்ல உட்கார்ந்து வர்ற வண்டி போற வண்டி எழுதற வேலை இருக்கு. மரியாதையான வேலைதான்."

"வண்டி நம்பர் எழுதவா முப்பது வருஷம் கத்தி பிடிச்சேன்?" மாஸ்டர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு இவளுக்கு மட்டும் புரிந்தது.

"செக்கிங்ல அம்மா இருக்காங்க. அவங்க சரின்னா எனக்கும் சரி," என்று கடிகாரம் இவள் பக்கம் திரும்பினார்.

மேலங்கிப் பையில் மடித்த தாள் இருந்தது. கையை உள்ளே விட்டாள். வெறும் கையாக வெளியே எடுத்தாள்.

"சரிங்க சார்," என்றாள்.

தரைத்தளத்தில் அறை நீளத்துக்கு வெட்டு மேசை. அதன் மேல் நாற்பது அடுக்காக வெள்ளைத் துணி விரித்து, மேலே கோடு போட்ட தாள் ஒட்டியிருந்தது. நிமிர்ந்து நிற்கிற கத்தியோடு மெஷின் அந்தக் கோட்டின் மேல் ஓட வேண்டும். வலது கை மெஷினைத் தள்ளும். இடது கை கத்திக்கு முன்னால் துணியை அழுத்திப் பிடிக்கும். அதனால்தான் இடது கைக்கு மட்டும் இரும்புக் கம்பி வலையில் பின்னிய கையுறை. அது இல்லாமல் அந்த அறையில் சுவிட்ச் போடக் கூடாது.

மாஸ்டரின் கையுறையை அவளே மாட்டிவிட்டாள். மணிக்கட்டில் இருக்கிற பட்டையை இறுக்கினாள்.

"குழந்தைக்கு ஸ்வெட்டர் போடற மாதிரி போடறியே," என்று இடது பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. துணி விரிக்கும் ரேடியோ. இருபது வருடமாக மாஸ்டருக்கு இடது பக்கம் நின்று துணி பிடிக்கிறவள். காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் மணி அடிக்கும்வரை ஓயாது என்பதால் வந்த பெயர்.

மாஸ்டர் குரல் வந்த திசைக்குத் திரும்பவில்லை. வலது பக்கமாகத் தேடினார். "எங்க இருக்கே, ரேடியோ?"

ரேடியோ இவளைப் பார்த்தாள். இவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு படியேறினாள்.

*

முதல் கூடை சரக்கு லிஃப்டில் மேலே வந்தது.

அட்டை வடிவத்தை வைத்துப் பார்த்தாள். மேல் துண்டு, நடுத் துண்டு, அடித் துண்டு. மூன்றும் ஒன்றுபோல இருந்தன. வளைவுகளில் பிசிறு இல்லை. மனிதரின் கை மறக்கவில்லை! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் ஓரங்களைப் பார்த்தாள்.

தைப்பவர்கள் எங்கே கையைச் சேர்ப்பது, எங்கே கழுத்துப் பட்டையைச் சேர்ப்பது என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு பாகத்தின் ஓரத்திலும் நகக்கண் அளவுக்குச் சின்ன வெட்டுக்குறிகள் இருக்கும். வலது ஓரத்தில் எல்லாக் குறிகளும் இருந்தன. இடது ஓரத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரு பாகத்தில் இல்லை, அந்தக் கூடையில் இருந்த எந்தப் பாகத்திலும் இல்லை.

பாதி முகம் சவரம் செய்ததுபோலவே வெட்டியிருந்தார்.

இடுப்பில் தொங்கிய சிவப்புச் சீட்டுக் கட்டில் அவள் கை போனது. அங்கேயே நின்றது. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். இடது ஓரக் குறிகளை ஒவ்வொன்றாகத் தானே வெட்டினாள். விரல் மடிப்பில் தோல் கன்றியது. இருபத்திரண்டு வருட வேலையில் முதல் தடவையாக, குறையுள்ள கூடைக்குப் பச்சை முத்திரை குத்தினாள்.

இரண்டாம் கூடையும் அப்படியே வந்தது. அதையும் பூசி மெழுகினாள். கால்கள் கடுத்தன, முதுகு விண்ணென்று தெறித்தது. இன்னும் நாலு கூடை. பிறகு நாளைக்கு? நாளை மறுநாள்? தினமும் ஒருவர் பாதி வெட்ட, ஒருத்தி மீதி வெட்ட, இப்படியே எத்தனை வருடம் ஓட்டுவது? யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

இதையெல்லாம் அவள் ஏன் செய்தாள் என்று கேட்டால், அவர் மனசு உடைந்துவிடும் என்பாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவருக்குப் பக்கவாதம் வந்த அன்றைக்கு ரேடியோதான் மூச்சிரைக்க மேலே வந்தாள். "மாஸ்டருக்கு என்னவோ மயக்கமா இருக்காம். துணிக் கட்டு மேல படுக்க வெச்சிருக்கோம். வந்து பாரேன்." இவளுக்குத் தலைக்கு மேல் வேலை. பாதி மேசை நிறையத் துணி. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும். லாட் முடியட்டும், வர்றேன்," என்றாள்.

லாட் முடிய ஐம்பது நிமிஷம் ஆனது. அவள் இறங்கி வந்தபோது அவர் வாய் கோணியிருந்தது. "இன்னும் சீக்கிரம் கூட்டிட்டு வந்திருக்கலாமே," என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். அந்தக் கேள்வி ஐந்து மாதமாக அவளைத் தின்கிறது. ஊர் விஷயமெல்லாம் ஒலிபரப்புகிற ரேடியோ இந்த ஒரு செய்தியை மட்டும் அதற்கப்புறம் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் கூடை வந்தது.

முதுகுப் பாகங்களை அள்ளி எடுத்தபோது நடுவில் ஏதோ கனத்தது. துணியை விலக்கினாள். இரும்புக் கையுறை.

மணிக்கட்டுப் பட்டையில் அவளே தைத்த நீல நூல் இருந்தது. எதற்கோ கழற்றியிருக்கிறார். எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் கூடையில் போட்டிருக்கிறார். கீழே மெஷின் ஓடுகிற சத்தம் தரை வழியாக அவள் கால் வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

விட்டுப்போன வெட்டுக்குறியை மேலே இருந்து இவள் வெட்டிவிடலாம். வெட்டுப்பட்ட விரலை?

"எங்க ஓடறே?" என்றாள் அடுத்த மேசைக்காரி. "இன்னும் மூணு கூடைதானே? லாட் முடிச்சுட்டுப் போயேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேசையில் பாதி பிரித்த துணி அப்படியே கிடந்தது. காலில் வெந்நீர் கொட்டியவள்போல் படிகளில் இறங்கினாள். ஒரு திருப்பத்தில் செருப்பு கழன்றது. விட்டுவிட்டு ஓடினாள்.

*

வெட்டு அறையில் ரேடியோ பேசாமல் நின்றிருந்தாள்.

மாஸ்டர் நல்ல வேகத்தில் இருந்தார். கண் கோட்டின் வலது பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. அவருடைய இடது கை வெறும் கையாகத் துணியின் மேல் கிடந்தது. கத்தி அதை நோக்கி வந்தது. ஒரு சாண் இருக்கும்போது ரேடியோ அந்த மணிக்கட்டைப் பிடித்து, சத்தம் காட்டாமல் நகர்த்தி வைத்தாள். மாஸ்டருக்கு அது தெரியவே இல்லை. கத்தி அந்த இடத்தைத் தாண்டிப் போனது. ரேடியோவின் விரல் கத்திக்கு நாலு அங்குலத்தில் இருந்தது. அந்த விரல்களுக்குக் கையுறையே கிடையாது.

கையுறையைக் கழற்றியதிலிருந்து இப்படித்தான் நடந்திருக்கிறது.

அவள் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினாள். மெஷின் இழுத்துக்கொண்டே அடங்கியது. விளக்கும் போய், ஜன்னல் வெளிச்சம் மட்டும் இருந்தது.

"யாரு நிறுத்தினது?" என்றார் மாஸ்டர்.

"நான்தாங்க."

"ஏம்மா? பாதி முடிஞ்சுது. நல்லாத்தானே போயிட்டிருக்கு?"

அவள் அவருடைய இடது கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராக, வலது பக்கமாகக் கொண்டுவந்தாள். பக்கத்தில் கையுறையைக் காட்டினாள்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "போட்டிருந்தேனே," என்றார். பிறகு, "போட்டேன் இல்ல, ரேடியோ?" என்றார்.

ரேடியோ உடைந்து அழுதாள். "தண்ணி குடிக்கக் கழட்டினீங்க மாஸ்டர். மறுபடி போடச் சொன்னேன். போட்டாச்சுன்னீங்க. நிறுத்தச் சொன்னா உங்களை கேட்டுக்கு அனுப்பிடுவாங்களேன்னு... என் கைதானே, நான் பார்த்துக்கறேன்னு இருந்துட்டேன். அன்னைக்குத்தான் உங்களைப் படுக்க வெச்சுட்டுச் சும்மா நின்னேன். இன்னைக்கும் அப்படி நிக்க மனசு வரல."

மாஸ்டர் மெஷினின் பிடியிலிருந்து வலது கையை எடுத்தார். மெதுவாக, சுடுகிற பாத்திரத்திலிருந்து எடுப்பதுபோல.

"மூணு நிமிஷமா கரண்ட் இல்லன்னு மேல கத்தறாங்க," என்று சொல்லிக்கொண்டே கடிகாரம் உள்ளே வந்தார். மூன்று பேர் முகத்தையும் பார்த்து நின்றார்.

அவள் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். "இது ரெண்டாவது பக்கம் சார். நான்தான் மறைச்சேன். அவருக்குத் தெரியாது. மேல இருக்கிற முதல் ரெண்டு கூடையிலயும் இடது பக்கக் குறி நான் வெட்டினது. நான் குத்தினதுதான் பச்சை முத்திரை."

கடிகாரம் ஜன்னல் பக்கம் போய் வாசித்தார். முடித்து, மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் அவ்வளவு நேரம் நின்றதை அந்த அறை பார்த்ததில்லை.

"யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தா?" என்றார் கடைசியில். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "மாஸ்டரை விடுங்க. அவருக்கு உடம்பு. உங்க கண்ணை நம்பித்தாம்மா இந்தக் கட்டடமே ஓடுது. இனிமே உங்க முத்திரையை நான் எப்படி நம்பறது?"

அவள் கையுறையை மேசை மேல் வைத்தாள்.

"நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க. முதலாளி இருப்பார். என் கையில இல்ல இது." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி, "அவருக்குக் குடிக்க ஏதாவது கொடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரேடியோ டீ வாங்கி வருவதாகச் சொல்லி வெளியேறினாள். மெயின் சுவிட்சை யாரும் திரும்பப் போடவில்லை.

சுவர் ஓரத்தில் துணிக் கட்டுகள் அடுக்கியிருந்தன. மாஸ்டர் காலை இழுத்துக்கொண்டு போய் அதில் ஒன்றில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவரைப் படுக்க வைத்ததும் அதே மூலையில்தான். அவள் போய் அவர் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் இடது பக்கம் உட்கார்ந்துவிட்டது உறைத்தது. எழுந்து மாறி உட்காரத் தெம்பில்லை. அவர் பார்வைக்குத் தான் இல்லை என்பதே அப்போது அவளுக்கு வசதியாகவும் இருந்தது. சத்தமில்லாமல் அழுதாள்.

மாஸ்டர் தலையைத் திருப்ப ஆரம்பித்தார். மேசை தாண்டி, அணைந்த மெஷின் தாண்டி, சுவர் தாண்டி, கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் வந்தார். யாரும் தேடச் சொல்லவில்லை. அவளுடைய இடுப்பில் தொங்கிய சிவப்புச் சீட்டுக் கட்டில் வந்து பார்வை நின்றது. அங்கிருந்து மேலே ஏறி அவள் முகத்துக்கு வந்தது.

"இங்கதான் இருக்கியா?" என்றார்.

"ம்."

"மேல லாட் முடிஞ்சுதா?"

"இல்லீங்க. பாதியில போட்டுட்டு வந்துட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு மட்டும் முடிச்சுட்டு வந்தே."

அவள் வாசலைப் பார்த்தாள். "யாரு... ரேடியோ சொன்னாளா?"

"எங்கிட்டதான் வந்து சொன்னா. 'லாட் முடியட்டும், வர்றேன்னுச்சு மாஸ்டர், கொஞ்சம் படுங்க'ன்னு. இதே கட்டு மேலதான் கிடந்தேன்." அவர் குரலில் கோபம் இருக்கிறதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "அன்னைக்கு எனக்கு வாய்தாம்மா போச்சு. காது நல்லாத்தான் கேட்டுச்சு."